இடாப்பில் ஒரு பெயர், பிள்ளைக்கு ஒரு பெயர்

ஸ்காபரோவிலிருந்து ஓர் ஆசிரியை நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். ஊரில் ஒன்பது ஆண்டுகள் கணிதம் படிப்பித்தவர். கனடாவுக்கு வந்து, இரவில் தொழிற்சாலையில் நின்றுகொண்டே திரும்பப் படித்து, ஒன்ராறியோவில் கற்பிப்பதற்கான சான்றிதழை எடுத்திருக்கிறார். இப்போது சப்ளை ரீச்சர். விடியக் காலையில் தொலைபேசி அடித்தால் எந்தப் பாடசாலை என்றாலும் போய் நிற்பார். கடந்த சில மாதங்களில் ஒரு சிறிய மாற்றுப் பாடசாலைக்கு நான்கு தடவைகள் போயிருக்கிறார். எல்.ஜி.பி.ரி.கியூ. என்று சொல்லப்படும் பால்புதுமையினப் பிள்ளைகளை அரவணைத்து வைத்திருக்கும் பாடசாலை அது.

முதல் நாள் அச்சடித்த இடாப்பைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டிருக்கிறார். ஒரு பெயரைக் கூப்பிட்டதும் வகுப்பு அடங்கிப் போனது. ஒரு பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டது. இடைவேளையில் அந்தப் பிள்ளையைப் படிக்கட்டில் கண்டு மன்னிப்புக் கேட்கப் போனபோதுதான் முகம் தெரிந்திருக்கிறது. கோயிலில் அடிக்கடி காணும் குடும்பத்துப் பிள்ளை. "அன்ரி, அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்று தமிழில் கேட்டதாம். "இல்லைக் குஞ்சு, என்ன நடந்தாலும் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டார்.

பிறகு ஒரு கல்யாண வீட்டில் இவருடைய கணவர், மனைவி "அந்த மாதிரியான பள்ளிக்கூடத்துக்கு" எல்லாம் போகவேண்டியிருக்கிறது என்று யாரிடமோ சொல்லியிருக்கிறார். அடுத்த கிழமை பிள்ளையின் தாய் தொலைபேசி எடுத்திருக்கிறார். பிள்ளை அங்கே என்ன செய்கிறது, ஆரோடு சேருகிறது என்று கேட்டுவிட்டு, "கோடை லீவுக்கு இந்தியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு சாமியாரிட்டக் காட்டினால் எல்லாம் சரியாயிடும் எண்டு சொல்லினம்" என்றும் சொல்லியிருக்கிறார். இவர் "பார்த்துச் சொல்லுறன்" என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.

இப்போது அதே பாடசாலையில், பிரசவ விடுமுறையில் போகும் கணித ஆசிரியைக்குப் பதிலாக மாசியிலிருந்து ஆனி வரை நீண்டகால நியமனம் ஒன்று வந்திருக்கிறது. பெயரைப் பிழையாகக் கூப்பிட்டதற்காகச் சான்றிதழ் போகுமா? தாய்க்கு உண்மையைச் சொல்லும் கடமை உண்டா? நியமனத்தை மறுத்தால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்களா? "என் மனதுக்கு இது இன்னும் பிடிபடவில்லை, நடிக்கத்தான் வேண்டுமா?" இவை அவருடைய கேள்விகள்.

ரீச்சர், நீங்கள் கேட்ட நான்குக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேள்வியாக எழுதாத இரண்டு வரிகள்தான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. ஆகவே அவற்றை முதலில் எடுக்கிறேன். நான் அந்தப் படிக்கட்டுப் பிள்ளையை "பிள்ளை" என்றே கடைசிவரை எழுதப்போகிறேன். ஆணா பெண்ணா என்று காட்டாமல் அன்போடு கூப்பிட எங்கள் மொழியில் ஏற்கெனவே இருக்கும் சொல் அது.

இந்தியாவுக்குக் கூட்டிப்போகும் கதை

தாய் பேச்சுவாக்கில் சொன்ன அந்த ஒரு வசனம் சட்டத்தின் பார்வையில் சின்ன விடயம் அல்ல. ஒருவருடைய பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ மாற்றுவதற்கென்று செய்யப்படும் "சிகிச்சை", சேவை அல்லது பயிற்சிக்கு இன்னொருவரை உட்படுத்துவது 2022 தை 7இலிருந்து கனடாவில் குற்றம். அதே சட்டத் திருத்தத்தின்படி, அந்த நோக்கத்தோடு 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையைக் கனடாவுக்கு வெளியே கொண்டுபோவதும் குற்றம். ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. கோயிலில் ஓர் அர்ச்சனை செய்வது குற்றமாகாது. பெற்றோர் கவலைப்படுவதும், பிள்ளையோடு வாதாடுவதும் குற்றமாகாது. ஆனால் "மாற்றித் தருகிறேன்" என்று சொல்லும் ஒருவரிடம் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவது வேறு. அங்கே பட்டினி போடுவதும், பூட்டி வைப்பதும், அடிப்பதும் பூசையின் பெயரால் நடக்கக்கூடும்.

ஆகவே இதை நீங்கள் தனியே சுமக்கவேண்டாம். அடுத்த அழைப்பு வரும்வரை காத்திருக்காமல் அந்தப் பாடசாலை அதிபருக்குத் தொலைபேசி எடுங்கள். தாய் சொன்னதை, முடிந்தவரை அவர் சொன்ன சொற்களிலேயே, எந்தத் திகதியில் சொன்னார் என்பதோடு சொல்லுங்கள்.

அதோடு இன்னொரு கடமையும் இருக்கிறது. ஒன்ராறியோவில் ஒரு பிள்ளைக்குப் பாதுகாப்புத் தேவை என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், அதைச் சிறுவர் உதவிச் சங்கத்துக்கு நேரடியாக அறிவிப்பது எல்லோருடைய கடமை. "அதிபரிடம் சொல்லிவிட்டேன், அவர் பார்த்துக்கொள்வார்" என்று அதை இன்னொருவரிடம் ஒப்படைக்க முடியாது. ஆசிரியர் போன்ற தொழிலில் இருப்பவர் வேண்டுமென்றே அறிவிக்காமல் விட்டால் 5,000 டொலர் வரை தண்டம் கட்டவேண்டி வரலாம். ஒரு நாளைக்கு வந்த சப்ளை ஆசிரியர் என்பது விதிவிலக்கு அல்ல. "நான் அங்கே விருந்தாளிதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. வகுப்புக் கதவைத் திறந்த நேரத்திலிருந்து மணி அடிக்கும்வரை நீங்கள் முழு ஆசிரியர்.

பிள்ளையின் வயதை நீங்கள் எழுதவில்லை. பதினொராம் வகுப்பு என்பதால் பதினாறாக இருக்கலாம். பதினாறுக்குக் கீழே என்றால் அறிவித்தே ஆகவேண்டும். பதினாறு, பதினேழு என்றால் அறிவிக்கலாம், கட்டாயமில்லை. அந்த வயதுப் பிள்ளைகள் வீட்டில் இருக்க முடியாத நிலை வந்தால், தாங்களாகவே விரும்பிச் சிறுவர் உதவிச் சங்கத்தோடு ஒப்பந்தம் செய்து தங்குமிடமும் உதவியும் பெற 2018இலிருந்து வழி இருக்கிறது. பல பிள்ளைகளுக்கு இது தெரியாது. தெருவுக்குப் போவது அல்லது வாயை மூடிக்கொண்டு விமானம் ஏறுவது, இந்த இரண்டுதான் வழி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கதை எங்கிருந்து கசிந்தது

இரண்டாவது வரி உங்கள் கணவரைப் பற்றியது. இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். பிள்ளை யாருக்கும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் "அந்த மாதிரியான பள்ளிக்கூடம்" என்று சொன்னதுதான் தாயின் காதுக்குப் போயிருக்கவேண்டும். அதுவரை, குறையாக விட்ட பாடங்களை முடிக்கும் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் என்றுதான் அந்தத் தாய் நினைத்திருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் கணவர் கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. மனைவி படும் பாட்டைச் சொல்லியிருப்பார். ஆனால் ஒரு சிறிய பாடசாலையின் பெயரோடு ஒரு தமிழ்ப் பிள்ளையைச் சேர்த்துப் பார்க்க எங்கள் சனத்துக்கு இரண்டு தொலைபேசி அழைப்புப் போதும். வீட்டில் இருந்து இதைக் கதையுங்கள். எந்த நாளில் எந்தப் பாடசாலை என்று இனி அவருக்குச் சொல்லவே தேவையில்லை. "வேலைக்குப் போறன்" என்றால் போதும்.

இடாப்பும் சான்றிதழும்

இல்லை, அந்த ஒரு பிழைக்காக உங்கள் சான்றிதழ் போகாது. பாலின அடையாளமும் அதை வெளிக்காட்டும் விதமும் 2012இல் ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டத்துக்குள் வந்தன. ஒருவரைத் தெரிந்துகொண்டே, திரும்பத் திரும்ப, அவர் வேண்டாம் என்ற பெயரால் கூப்பிடுவது பாகுபாடாகவோ துன்புறுத்தலாகவோ கொள்ளப்படலாம் என்பதுதான் மனித உரிமை ஆணைக்குழுவின் நிலைப்பாடு. தெரியாமல் நடந்து, தெரிந்தவுடன் திருத்தியது அதற்குள் வராது. கையில் தந்த இடாப்பில் பழைய பெயர்தான் இருந்தது என்றால் அதில் பாடசாலைக்கும் பொறுப்பு உண்டு. சப்ளை ஆசிரியருக்கென்று ஒரு தாள் எழுதி வைத்திருக்கவேண்டும். அதை அதிபரிடம் மரியாதையாகக் கேளுங்கள்.

இனி எந்தப் பாடசாலைக்குப் போனாலும் முதற்பெயரைச் சத்தமாகக் கூப்பிடவேண்டாம். ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்து, இருக்கும் ஒழுங்கில் கூப்பிட விரும்பும் பெயரை எழுதச் சொல்லுங்கள். பிறகு அமைதியாக இடாப்போடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கணித ஆசிரியைக்கு இது இரண்டு நிமிட வேலை. பின்னேரம் வழமையான ஆசிரியருக்கு எழுதி வைக்கும் குறிப்பில் பிள்ளைகளின் சொந்தக் கதையை எழுதவேண்டாம். அந்தத் தாள் மேசையில் திறந்தபடி கிடக்கும்.

நீண்டகால நியமனத்தை எடுத்தால் இன்னொன்றும் வரும். தேர்ச்சி அறிக்கை வீட்டுக்குப் போகும். வராத நாளுக்கு வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கவேண்டி வரும். வகுப்பில் ஒரு பெயரும் வீட்டில் இன்னொரு பெயருமாக வாழும் பிள்ளையை அந்த ஒரு தொலைபேசி அழைப்பே காட்டிக்கொடுத்துவிடும். முதல் கிழமையிலேயே ஒவ்வொருவரையும் தனியே கேளுங்கள்: வகுப்பில் எந்தப் பெயர், வீட்டுக்குப் போகும் காகிதத்தில் எந்தப் பெயர், வீட்டோடு கதைக்கும்போது எந்தப் பெயர்.

தாய்க்கு உண்மையைச் சொல்லும் கடமை

வட்ஸ்அப்பில் வந்ததாக நீங்கள் குறிப்பிட்ட சட்டம் பொய்யல்ல. ஆனால் அது உங்களுடைய மாகாணத்தினது அல்ல. 16 வயதுக்குக் குறைந்த மாணவர் பாடசாலையில் பெயரையோ, அவன், அவள் போன்ற பாலினச் சுட்டையோ மாற்றப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று சஸ்கச்சுவான் 2023இலும் அல்பேர்ட்டா 2024இலும் சட்டம் செய்தன. ஒன்ராறியோவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. மாறாக, மாணவரின் அனுமதி இல்லாமல் இந்த விடயத்தை வீட்டுக்கு வெளிப்படுத்தவேண்டாம் என்றே ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை 2011இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. உங்கள் சபையின் நெறிகளையும் எடுத்து வாசியுங்கள்.

பெற்றோருக்கு உரிமை இல்லை என்று நான் சொல்லவில்லை. பிள்ளைக்குப் பதினெட்டு ஆகும்வரை அதன் பாடசாலைப் பதிவேட்டைப் பார்க்கப் பெற்றோர் கேட்கலாம். ஆனால் அதற்கு வழி அதிபர். கோயில் வீதியில் வைத்து ஆசிரியையிடம் கேட்பது அல்ல. படிக்கட்டில் ஒரு பிள்ளை உங்களிடம் சொன்னது பதிவேடும் அல்ல.

தாய் திரும்பவும் எடுத்தால் பொய் சொல்லவேண்டாம். "அப்படி ஒண்டுமில்லை" என்று மறுக்கவும் வேண்டாம். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அக்கா, நான் எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையளைப் பற்றியும் வெளியில கதைக்கிறதில்லை. அது என்ர வேலைக்கு உரிய கட்டுப்பாடு. படிப்பு விசயம் எண்டால் அதிபரோட கதையுங்கோ, வேணுமெண்டால் தமிழில மொழிபெயர்க்க ஆளும் கேக்கலாம்." இந்தப் பதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானது. ஆகவே எதையும் காட்டிக்கொடுக்காது. "பார்த்துச் சொல்லுறன்" என்பது மட்டும் வேண்டாம். அது தாயை உங்கள் வாசலில் காத்திருக்க வைக்கும்.

அந்தத் தாய் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தன்பாலுறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் இருக்கும் நாட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள். வெள்ளைக்காரன் 1883இல் எழுதி வைத்துவிட்டுப் போனதை எங்கள் பண்பாடு என்று நம்பியே வளர்ந்தோம். பிள்ளையைக் காப்பாற்றுவதாகத்தான் அந்தத் தாய் நினைக்கிறார். இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோரே சேர்ந்து நடத்தும் பிஃப்ளாக் என்ற அமைப்பு ரொறன்ரோவிலும் இருக்கிறது. ஆனால் அதை அவருக்குச் சொல்லவேண்டியது நீங்கள் அல்ல. நீங்கள் சொன்னால் அதுவே பதிலாகிவிடும். பாடசாலை ஆலோசகர், பிள்ளையின் சம்மதத்தோடு, நேரம் பார்த்துச் சொல்வார்.

கொடுத்த வாக்கு

"என்ன நடந்தாலும் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்." இந்த வாக்கில் பாதியை நீங்கள் காப்பாற்றவேண்டும், பாதியைத் திருத்தவேண்டும். பிள்ளை யார் என்பது பிள்ளையின் சொத்து. அதைத் தாய்க்கோ, உங்கள் கணவருக்கோ, கோயில் ஆட்களுக்கோ நீங்கள் ஒருபோதும் கொடுக்கமுடியாது. ஆனால் பிள்ளைக்கு ஆபத்து என்றால் பேசாமல் இருக்க எந்த ஆசிரியரும் வாக்குக் கொடுக்க முடியாது. சட்டம் விடாது. விடவும் கூடாது.

தாயின் பயணப் பேச்சை அதிபருக்குச் சொல்லும்போது, பிள்ளைக்கும் அது தெரிந்திருக்கவேண்டும் என்று கேளுங்கள். தனக்குத் தெரியாமல் பெரியவர்கள் கூடிக் கதைத்தார்கள் என்று பின்னர் அறிந்தால், அந்தப் பிள்ளை இனி ஒருவரையும் நம்பாது.

மனதில் இருப்பது

தனியே இப்படிப் பள்ளிக்கூடம் வைப்பதால்தான் பிள்ளைகள் இப்படி ஆகிறார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். நேர்மையாகக் கேட்டதற்கு நன்றி. நடந்தது மறுபக்கமாக. 1985 ஆனியில் கென்னத் செல்லர் என்ற ஆசிரியரை, நூலகராகவும் இருந்தவரை, ரொறன்ரோ ஹை பார்க்கில் ஐந்து பதின்ம வயதுப் பையன்கள் அடித்துக் கொன்றார்கள். அவர் தன்பாலீர்ப்பாளர் என்பதுதான் காரணம். அந்தப் பையன்களும் ஏதோ ஒரு வகுப்பில் இருந்து படித்த பிள்ளைகள்தானே என்ற கேள்வி நகரக் கல்விச் சபையை உலுக்கியது. அதற்குப் பிறகுதான் இந்த வெறுப்பைப் பற்றிப் பாடசாலைகளில் வாய் திறக்கத் தொடங்கினார்கள். 1995இல், வேறு பாடசாலைகளில் இருக்கமுடியாமல் படிப்பை விட்ட பிள்ளைகளுக்காக ட்ரையாங்கிள் என்ற வகுப்பு ரொறன்ரோவில் தொடங்கியது. நியூயோர்க்கில், தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காகப் போராடிய அமெரிக்க அரசியல்வாதி ஹார்வி மில்க்கின் பெயரிலான இதே மாதிரிப் பாடசாலை அதற்குப் பத்து ஆண்டுகள் முந்தியது. பிள்ளைகள் அங்கே போய் மாறுவதில்லை. ஏற்கெனவே அடியும் பகிடியும் வாங்கிக்கொண்டுதான் அங்கே வந்து சேருகிறார்கள். உங்கள் வகுப்பில் பதினொராம் வகுப்புக் கணிதத்தை இரண்டாம் தடவை செய்யும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

நடிக்கவேண்டுமா என்ற கேள்விக்கு: வேண்டாம். ஆசிரியப் பயிற்சி சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம் 2001இல் சொன்னதன் சாரம், நம்பும் சுதந்திரம் அந்த நம்பிக்கையின்படி நடக்கும் சுதந்திரத்தைவிட அகலமானது என்பது. மனதுக்குள் யாரும் வந்து தேடமாட்டார்கள். ஆனால் வகுப்புக்கு வெளியே பேசுவதும் எழுதுவதும் வகுப்பைத் தொடும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஓர் ஆசிரியர் தன்பாலீர்ப்பாளரை இழிவுபடுத்திப் பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதினார். ஒரு மாதம் இடைநிறுத்தப்பட்டார். அதை 2005இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சரி என்றது. முகநூலில் நண்பர்கள் அனுப்புவதை நீங்கள் பகிர்வதும் அப்படித்தான் பார்க்கப்படலாம். உங்களுக்குச் சான்றிதழ் தந்த ஒன்ராறியோ ஆசிரியர் கல்லூரியின் விதிகளில், ஒரு பிரிவினரை வெறுப்புக்கு ஆளாக்கும் பேச்சு 2020இலிருந்து தொழில் ஒழுங்கீனம் என்று வெளிப்படையாகவே இருக்கிறது.

உங்களுக்குப் பிடிபடவில்லை என்கிறீர்கள். ஆனால் இடைவேளையில் தேநீரை விட்டுவிட்டு ஒரு பிள்ளையைத் தேடிப் படிக்கட்டுவரை போயிருக்கிறீர்கள். விளக்கம் பிறகு வரட்டும்.

நியமனத்தை ஏற்பதும் மறுப்பதும்

மறுக்கலாம். சப்ளை ஆசிரியர் எத்தனை அழைப்பை மறுக்கலாம், நீண்டகால நியமனத்தை மறுத்தால் என்ன நடக்கும் என்பது உங்கள் ஆசிரியர் சங்கத்தின் கூட்டு ஒப்பந்தத்தில் இருக்கும். சங்கத்துக்கு ஒரு தொலைபேசி எடுத்தால் அந்தப் பந்தியையே வாசித்துக் காட்டுவார்கள். ஒன்றில் மட்டும் கவனம்: "இப்படியான பிள்ளைகள் இருப்பதால்" என்று காரணம் எழுதி மறுக்காதீர்கள். அந்த மின்னஞ்சல் ஒரு நாள் உங்களுக்கு முன்னால் வைக்கப்படும். அங்கே வேலை செய்தால் உங்களையும் "அப்படி" நினைப்பார்களோ என்ற பயத்துக்கும் சட்டத்தில் பதில் உண்டு. மற்றவர் தவறாக ஊகித்து ஒருவரைப் பாகுபடுத்தினாலும் அது பாகுபாடுதான்.

நீங்கள் ஏற்கவேண்டும் என்பது என் விருப்பம். ஒளிக்காமல் சொல்கிறேன். ஐந்து மாதம் ஒரே முகத்தைக் கணித மேசையில் காண்பது அந்தப் பிள்ளைகளுக்குப் பெரிது. தமிழ் கதைக்கும் பெரியவர் ஒருவர் தன்னைக் கண்டும் முகம் சுளிக்கவில்லை என்பது அந்த ஒரு பிள்ளைக்கு இன்னும் பெரிது. ஆனால் தாயோடு உங்களுக்கு இருக்கும் பழக்கத்தை, ஏற்பதற்கு முதலே அதிபருக்குச் சொல்லிவிடுங்கள். வீட்டோடு தொடர்புகொள்ளும் வேலையை வேறொருவரிடம் கொடுக்க அவரால் முடியும். கோயிலில் பிள்ளையைக் கண்டால், பிள்ளை சிரித்தால் சிரியுங்கள். பாராததுபோல் போனால் நீங்களும் போங்கள்.

கடிதத்தின் கடைசியில் பென்சிலால் ஒரு வரி சேர்த்திருந்தீர்கள்: திரும்ப மன்னிப்புக் கேட்டால் புண்ணைக் கிளறுவதாகுமா என்று. நீளமாகக் கேட்டால் ஆகும். உங்கள் கவலையை ஆற்றும் வேலை பிள்ளையின் தலையில் விழுந்துவிடும். அடுத்த முறை போகும்போது வகுப்பு தொடங்க முதல், மற்றவர் கேளாத இடத்தில், இவ்வளவும் போதும்: "அண்டைக்குப் பிழையாக் கூப்பிட்டிட்டன், இனிக் கூப்பிடமாட்டன். வீட்டில ஆருக்கும் ஒண்டும் சொல்லேல்லை. ஆனா உனக்கு ஆபத்து எண்டு தெரிஞ்சால் அதிபரிட்டச் சொல்லவேண்டி வரும், உனக்கும் சொல்லிப்போட்டுத்தான் சொல்லுவன்." பிறகு அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்டு, தாளில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.